வரைகலை அட்டைகளின் போட்டி: என்விடியா, ஏ.எம்.டி, இன்ரெல் – அடுத்த சில்லு யாருக்காக?

கணினி விளையாட்டுப் பிரியர்களை நம்பித் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் இன்று உலகின் மிகப் பெறுமதி வாய்ந்த நிறுவனமாகியிருக்கிறது. 2025 ஒக்டோபரில் என்விடியாவின் சந்தைப் பெறுமதி 5 ரில்லியன் அமெரிக்க டொலரைத் தாண்டியது. அதற்கு முன்னர் வேறெந்த நிறுவனமும் அந்த எல்லையை எட்டியதில்லை.

ஆனால் அதன் வரவுக் கணக்கைச் சற்று உற்றுப் பார்த்தால் வேறொரு செய்தி தெரியும். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் 130.5 பில்லியன் டொலர். அதில் 115.2 பில்லியன் டொலர் தரவு நிலையங்களுக்கு விற்ற சில்லுகளால் வந்தது. கணினி விளையாட்டுக்கான அட்டைகளால் வந்தது சுமார் 11.4 பில்லியன் டொலர் மட்டுமே. நூறு டொலர் வந்தால் அதில் ஒன்பது டொலர்கூட, கடையில் அட்டை வாங்கும் சாதாரண மனிதரிடமிருந்து வரவில்லை.

வரைகலை அட்டைகளை உருவாக்கும் நிறுவனங்களுக்கிடையிலான போட்டியை விளங்கிக்கொள்ள இந்தக் கணக்கே சரியான வாசல். அடுத்த சில்லு எப்படி இருக்க வேண்டும் என்பதை இப்போது யார் தீர்மானிக்கிறார்கள்? பிள்ளையின் படிப்புக்காகவோ, படத்தொகுப்புத் தொழிலுக்காகவோ, விளையாட்டுக்காகவோ ஓர் அட்டை வாங்க நினைப்பவருக்கு அதில் இடம் இருக்கிறதா?

வரைகலை அட்டை என்ன செய்கிறது?

சாதாரண கணினித் திரை ஒன்றில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 என ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. ஒரு விளையாட்டு இழுபடாமல் ஓட வேண்டுமானால் செக்கனுக்கு 60 தடவையாவது இந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் நிறத்தையும் புதிதாகக் கணிக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு செக்கனுக்கும் 12 கோடிக்கு மேற்பட்ட கணிப்புகள். ஒவ்வொரு கணிப்பும் சிறியது. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தாக வேண்டும்.

கணினியின் மூளை எனப்படும் மையச் செயலி இதற்குப் பொருத்தமானதல்ல. அருவி வெட்டை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒருவர் தனியே ஒரு பெரிய வயலை வெட்டி முடிக்க நாட்கணக்கில் செல்லும். நூறு பேர் வரிசையாக இறங்கினால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். மையச் செயலி அந்தக் கெட்டிக்காரர். வரைகலைச் செயலி அந்த நூறு பேர். என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ் 5090 அட்டையில் இவ்வாறான 21,760 சிறு கணிப்பகங்கள் இருக்கின்றன.

அட்டை என்பது சில்லு மட்டுமல்ல. சில்லுக்குத் தேவையான தரவை வைத்திருக்கும் தனி நினைவகம், மின்சாரத்தைச் சீர்செய்யும் பகுதி, சூட்டை வெளியேற்றும் விசிறிகள் எல்லாம் சேர்ந்ததே வரைகலை அட்டை. என்விடியாவும் ஏ.எம்.டியும் பெரும்பாலும் சில்லை மட்டுமே வடிவமைக்கின்றன. அசுஸ், எம்.எஸ்.ஐ, கிகாபைட் போன்ற நிறுவனங்கள் அதை வாங்கி அட்டையாக்கி விற்கின்றன. ஒரே சில்லுள்ள அட்டைகள் வெவ்வேறு பெயரிலும் விலையிலும் கடையில் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

பலரில் இருவர் மிஞ்சிய கதை

1990களில் இந்தத் துறையில் பல நிறுவனங்கள் இருந்தன. அவற்றில் திரீ டி.எஃப்.எக்ஸ் 1996இல் வெளியிட்ட ‘வூடூ’ அட்டை, முப்பரிமாண விளையாட்டுக்களின் தோற்றத்தையே மாற்றியது. அக்காலத்தில் அதுவே முதலிடம்.

என்விடியா 1993இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலச்சோவ்ஸ்கி, கேர்ட்டிஸ் பிரீம் ஆகிய மூவரால் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. தாய்வானில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா அனுப்பப்பட்ட ஹுவாங், பதின்ம வயதில் உணவகத்தில் கோப்பை கழுவியவர். நிறுவனத்துக்கான யோசனையை மூவரும் பேசித் தீர்த்ததும் அதே உணவகத் தொடரின் ஒரு கிளையில்தான்.

1995இல் வந்த அவர்களது முதற் சில்லு தோல்வியடைந்தது. முப்பரிமாண உருவங்களை முக்கோணங்களாகப் பிரித்து வரைவதே மற்றவர்களின் வழியாக இருந்தது. என்விடியா வளைபரப்புகளைக் கொண்டு வரையும் வேறொரு வழியைத் தெரிவு செய்தது. மைக்ரோசொப்ட் தனது டைரக்ட்எக்ஸ் மென்பொருளை முக்கோண முறைக்கு ஏற்ப உருவாக்கியதும் என்விடியாவின் வழி அடைபட்டுப் போனது. ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நிறுத்தப்பட்டனர். விளையாட்டுக் கருவி தயாரித்த யப்பானின் சேகா நிறுவனம், தனக்கான சில்லைச் செய்து முடிக்க முடியாது என என்விடியா ஒப்புக்கொண்ட பின்னரும் 5 மில்லியன் டொலர் கொடுத்து உதவியது. அந்தப் பணத்தில் உருவானதுதான் 1997இல் வெளிவந்து நன்கு விற்பனையான ‘றீவா 128’.

திரீ டி.எஃப்.எக்ஸ் வீழ்ந்ததற்குக் காரணம் சில்லுமட்டுமல்ல. 1998இன் இறுதியில் அது அட்டை தயாரிக்கும் ஒரு நிறுவனத்தை வாங்கி, இனித் தானே அட்டைகளைச் செய்வேன் என முடிவெடுத்தது. அதுவரை அதன் சில்லை வாங்கி அட்டை செய்து வந்த நிறுவனங்கள் எல்லாம் என்விடியாவின் பக்கம் போயின. 2000 டிசெம்பரில் திரீ டி.எஃப்.எக்ஸின் சொத்துக்களை வாங்க என்விடியா உடன்பட்டது. 2002இல் அந்த நிறுவனம் வங்குரோத்தானது. நல்ல சில்லு வைத்திருப்பவர் வெல்வார் என்பதல்ல, தன்னோடு நிற்பவர்களை இழக்காதவரே வெல்வார் என்ற பாடம் இத்துறையில் அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

கனடாவிலிருந்து வந்த போட்டி

மற்றைய பெரும் போட்டியாளர் ஏ.ரி.ஐ. ஹொங்கொங்கிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் 1985இல் தொடங்கிய நிறுவனம் இது. தலைமையகம் ரொறன்ரோவை அடுத்துள்ள மார்க்கம் நகரில் இருந்தது. எமது மக்கள் பெருமளவில் குடியேறி வாழும் அதே மார்க்கம்தான். ஏ.எம்.டியின் கனேடியப் பொறியியல் மையம் இன்றும் அங்கேயே இயங்குகிறது.

2000இல் ‘ரேடியொன்’ என்ற பெயரை அறிமுகப்படுத்திய ஏ.ரி.ஐ, 2002இல் வெளியிட்ட ரேடியொன் 9700 புரோ மூலம் என்விடியாவை முந்தியது. பதிலாக வந்த என்விடியாவின் ஜீபோர்ஸ் எஃப்.எக்ஸ் அட்டையின் விசிறி, தூசு உறிஞ்சும் கருவிபோல் இரைந்து கேலிக்குள்ளானது. அந்த நாட்களில் இரு நிறுவனங்களும் மாறி மாறி முன்னேறின. வாங்குபவருக்கு அது நல்ல காலம்.

2006இல் ஏ.எம்.டி, 5.4 பில்லியன் டொலருக்கு ஏ.ரி.ஐயை வாங்கியது. மையச் செயலியையும் வரைகலைச் செயலியையும் ஒரே சில்லில் இணைப்பது அதன் திட்டம். திட்டம் தூரநோக்குடையது, ஆனால் விலை தாங்க முடியாததாக இருந்தது. கடனில் மூழ்கிய ஏ.எம்.டி, 2009இல் தனது சில்லு உற்பத்திச்சாலைகளைப் பிரித்து அபுதாபியின் முதலீட்டுடன் குளோபல்பவுண்டரீஸ் என்ற தனி நிறுவனமாக்கியது. அதே ஆண்டு கைத்தொலைபேசிக்கான தனது வரைகலைப் பிரிவை 65 மில்லியன் டொலருக்கு குவல்கொம் நிறுவனத்துக்கு விற்றது. ஸ்னப்டிராகன் சில்லுள்ள அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி உங்களிடம் இருந்தால், அதிலுள்ள ‘அட்ரினோ’ என்ற வரைகலைப் பகுதி அந்தப் பிரிவின் வாரிசுதான். ரேடியொன் என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்களை இடம்மாற்றி வைத்த பெயர் அது.

2014 ஒக்டோபரில் லிசா சு தலைமைப் பொறுப்பை ஏற்றபோது ஏ.எம்.டி மூழ்கிவிடும் என்றே பலரும் எண்ணினர். 2015இல் அதன் பங்கொன்று இரண்டு டொலருக்கும் கீழே இறங்கியது. அந்த இடத்திலிருந்து 2017இல் வந்த ‘றைசன்’ செயலிகள் நிறுவனத்தை மீட்டன. லிசா சுவும் தாய்வானில் பிறந்தவரே. போட்டியாளரான ஜென்சன் ஹுவாங் அவருக்குத் தூரத்து உறவினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அந்த மோசமான ஆண்டுகளில் ஏ.எம்.டியைத் தாங்கிப் பிடித்தவற்றில் ஒன்று விளையாட்டுக் கருவிகள். 2013இல் வந்த பிளேஸ்ரேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் இரண்டிலும் ஏ.எம்.டியின் சில்லே இருந்தது. 2020இல் வந்த அடுத்த தலைமுறைக் கருவிகள் இரண்டிலும் அதுவே தொடர்ந்தது. அடுத்த எக்ஸ்பொக்ஸும் ஏ.எம்.டியுடன்தான் என 2025 யூனில் மைக்ரோசொப்ட் அறிவித்தது.

திருப்பம்: ஒரு மென்பொருள்

என்விடியா இன்று இருக்கும் உயரத்துக்கு அதை ஏற்றியது விளையாட்டல்ல. 2006 நவம்பரில் அது ‘கூடா’ என்ற மென்பொருள் தளத்தை அறிவித்தது. படம் வரையும் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பகங்களை அறிவியற் கணக்குகளுக்கும் பயன்படுத்த வழிசெய்யும் தளம் அது. என்விடியாவின் சில்லில் மட்டுமே ஓடும். தமிழில் வாசிப்பவருக்குப் பெயரே எச்சரிக்கைபோல ஒலிக்கும்: பிறர் சில்லில் ஓடக் கூடாது.

பல ஆண்டுகள் அது வீண் செலவாகவே முதலீட்டாளர்களுக்குத் தோன்றியது. விளையாட்டு அட்டை வாங்கும் பெரும்பாலானோருக்கு அது தேவைப்படவில்லை. ஆயினும் மலிவான அட்டை முதல் விலையுயர்ந்த அட்டை வரை எல்லாவற்றிலும் கூடாவை இயங்கவைத்தது என்விடியா. அதனால் பல்கலைக்கழக மாணவர்கள் கைக்கெட்டிய அட்டையிலேயே அதைப் பழகிக்கொண்டார்கள்.

2012இல் அதன் பலன் தெரிந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹின்ரனும் அவரது மாணவர்களான அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர் ஆகியோரும், படங்களில் இருப்பது என்ன என்று கணினி இனங்காணும் போட்டியில் கலந்துகொண்டனர். விளையாட்டுக்காரர்கள் வாங்கும் ஜீபோர்ஸ் ஜி.ரி.எக்ஸ் 580 அட்டைகள் இரண்டை வைத்து ஏறத்தாழ ஆறு நாட்களில் தமது செயற்கை நரம்பு வலையமைப்பைப் பயிற்றினர். இரண்டாம் இடத்தைப் பெற்ற குழுவின் பிழை வீதம் 26.2. அவர்களுடையது 15.3. செயற்கை நுண்ணறிவின் இன்றைய அலை அந்த இரண்டு அட்டைகளிலிருந்துதான் எழுந்தது எனலாம்.

அதன் பின் வந்த ஆய்வு மென்பொருள்கள் பெரும்பாலானவை கூடாவை நம்பியே எழுதப்பட்டன. ஏ.எம்.டி 2016இல் ‘றொக்எம்’ என்ற தனது தளத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆனால் பத்து ஆண்டுகள் பிந்திவிட்டது. அத்துடன் நெடுங்காலம் அது ஏ.எம்.டியின் சாதாரண விளையாட்டு அட்டைகள் பலவற்றில் ஒழுங்காக இயங்கவுமில்லை. மாணவர் கையில் இல்லாத கருவி, அந்த மாணவர் பொறியியலாளராகி வேலைக்குப் போகும் இடத்திலும் இருக்காது. என்விடியாவின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

இனி என்ன? மூவரின் வழிகள்

என்விடியா இப்போது சில்லை விற்பதில்லை, முழு அலுமாரியையே விற்கிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட ‘பிளக்வெல்’ தலைமுறையின் ஓர் அலுமாரியில் 72 வரைகலைச் செயலிகளும் 36 மையச் செயலிகளும் ஒரே இயந்திரம்போல இணைக்கப்பட்டுள்ளன. அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ 120 கிலோவோற். விசிறிக் காற்று போதாது என்பதால் குழாய்களில் திரவம் ஓடவிட்டுக் குளிரூட்டுகிறார்கள். இத்தனை சில்லுகளை இணைக்கும் வலையமைப்புத் தொழில்நுட்பத்துக்காகவே 2020இல் மெலனொக்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை சுமார் 7 பில்லியன் டொலருக்கு என்விடியா வாங்கி முடித்தது. 2026இல் ‘ரூபின்’, 2027இல் ‘ரூபின் அல்ட்ரா’, 2028இல் ‘பைன்மன்’ என ஆண்டுக்கொரு படியாகத் தனது பாதையை அது 2025 மார்ச்சில் அறிவித்தது. முன்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த மாற்றம் இப்போது ஆண்டுதோறும் வருகிறது. போட்டியாளர் எட்டிப் பிடிப்பதற்குள் இலக்கு நகர்ந்துவிட வேண்டும் என்பதே இதன் உள்நோக்கம்.

ஏ.எம்.டியின் வழி வேறு. அது இரண்டு முனைகளில் நிற்கிறது. தரவு நிலையங்களுக்கான எம்.ஐ 300 எக்ஸ் சில்லை 2023 டிசெம்பரில் வெளியிட்டபோது 192 ஜிகாபைட் நினைவகத்தை அதற்குக் கொடுத்தது. என்விடியாவின் எச் 100 சில்லில் அப்போது இருந்தது 80 ஜிகாபைட். மென்பொருளில் பின்தங்கியவர் நினைவகத்தில் முந்திச் சந்தையில் இடம் பிடிக்கும் உத்தி இது. 2025 ஒக்டோபரில் ஓப்பன் ஏ.ஐ நிறுவனம் 6 கிகாவோற் அளவுக்கு ஏ.எம்.டி சில்லுகளைப் பயன்படுத்த உடன்பட்டது. பதிலுக்கு 16 கோடி வரையான தனது பங்குகளை மிகச் சொற்ப விலைக்குப் பெறும் உரிமையை ஏ.எம்.டி கொடுத்தது. வாடிக்கையாளரையே பங்காளியாக்கித்தான் அந்தக் கதவு திறக்கப்பட்டது.

விளையாட்டு அட்டைகளில் ஏ.எம்.டி உச்சத்தை இப்போதைக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. 2022 டிசெம்பரில் வந்த 7900 எக்ஸ்.ரி.எக்ஸ் 999 டொலர். 2025 மார்ச்சில் வந்த 9070 எக்ஸ்.ரி அட்டையின் அறிவிப்பு விலை 599 டொலர். நடுத்தர விலையில் கூடுதல் பேரைச் சேர்ப்பதே இப்போதைய நோக்கம். அத்துடன் விளையாட்டுக்கு ஒன்று, தரவு நிலையத்துக்கு ஒன்று எனப் பிரித்து வைத்த இரண்டு வடிவமைப்புகளையும் மீண்டும் ஒன்றாக்கப்போவதாக 2024 செப்டெம்பரில் அது அறிவித்தது. மாணவர் வீட்டில் வைத்திருக்கும் அட்டையும் தரவு நிலையச் சில்லும் ஒரே மொழி பேச வேண்டும் என்ற, என்விடியா 2006இல் கண்டறிந்த உண்மைக்கு ஏ.எம்.டி வந்து சேர்ந்திருக்கிறது.

மூன்றாமவர் இன்ரெல். 1998இலேயே ஓர் அட்டையை விட்டுப் பார்த்துக் கைவிட்டது. ‘லராபீ’ என்ற அடுத்த முயற்சியை 2009இல் நிறுத்தியது. ஏ.எம்.டியின் வரைகலைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ராஜா கொடூரியை 2017இல் அழைத்துக்கொண்டது. 2022இல் ‘ஆர்க்’ அட்டைகள் வந்தன. தொடக்கத்தில் அவற்றின் இயக்க மென்பொருள் பழைய விளையாட்டுக்களில் தடுமாறியது. 2024 டிசெம்பரில் வந்த ஆர்க் பி 580 நிலைமையை மாற்றியது. 249 டொலருக்கு 12 ஜிகாபைட் நினைவகம் கொடுத்தது. அவ்விலையில் மற்ற இருவரும் 8 ஜிகாபைட்டுடன் நின்ற காலம் அது.

ஆனால் 2025 செப்டெம்பரில் எவரும் எதிர்பாராத செய்தி வந்தது. என்விடியா, இன்ரெலில் 5 பில்லியன் டொலர் முதலிடுவதாகவும், இன்ரெலின் மையச் செயலியும் என்விடியாவின் வரைகலைச் சில்லும் இணைந்த புதிய செயலிகளை இருவரும் சேர்ந்து செய்வதாகவும் அறிவித்தன. போட்டியாளர்களில் ஒருவர் மற்றவரின் பங்குதாரராகிவிட்டார். ஆர்க் அட்டைகளின் எதிர்காலம் பற்றிய கேள்வி அன்றிலிருந்து கூடியிருக்கிறது.

சில்லு ஏன் துண்டாகிறது?

ஒளியைக் கொண்டு சிலிக்கனில் சில்லை அச்சிடும் இயந்திரம் ஒரே தடவையில் அச்சிடக்கூடிய பரப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது சுமார் 858 சதுர மில்லிமீற்றர். ஒரு தீப்பெட்டியின் முகப்பை விடச் சிறியது. பெரிய சில்லுகள் அந்த எல்லையை நெருங்கிவிட்டன. மேலும், சில்லு பெரிதாகப் பெரிதாக, அதில் ஒரு பழுது விழுந்து முழுவதும் வீணாகும் வாய்ப்பும் கூடுகிறது.

ஆகவே சிறு துண்டுகளாகச் செய்து நெருக்கமாக ஒட்டுவது புதிய வழி. மையச் செயலிகளில் இதைப் பெருமளவில் வெற்றிகரமாகச் செய்து காட்டியது ஏ.எம்.டி. 2022இல் தனது விளையாட்டு அட்டையிலும் ஒரு பெரிய துண்டைச் சுற்றி ஆறு சிறு துண்டுகளை வைத்தது. எதிர்பார்த்த பலன் கிட்டாமல் 2025இன் அட்டைகளில் மறுபடி ஒரே துண்டுக்குத் திரும்பியது. என்விடியாவோ பிளக்வெல் தரவு நிலையச் சில்லில் இரண்டு பெரும் துண்டுகளை இணைத்து 20,800 கோடி திரான்சிற்றர்களை ஒன்றாக்கியது. அதன் முன்னோடியான எச் 100இல் இருந்தது 8,000 கோடி.

சில்லு சுருங்கும் வேகம் குறைந்துவிட்டதால் இன்னொரு குறுக்குவழியும் வந்திருக்கிறது. முழுப் படத்தையும் கணித்து வரையாமல், குறைந்த தெளிவில் வரைந்துவிட்டு மீதியைச் செயற்கை நுண்ணறிவால் ஊகித்து நிரப்புவது. 2018இல் ஆர்.ரி.எக்ஸ் அட்டைகளுடன் என்விடியா தொடங்கிய இந்த முறை இப்போது மூவரிடமும் உண்டு. 549 டொலர் விலையுள்ள ஆர்.ரி.எக்ஸ் 5070, முன்னர் 1,599 டொலருக்கு வந்த 4090 அட்டைக்கு நிகரானது என 2025 ஜனவரியில் ஹுவாங் கூறினார். உண்மையில் வரைந்த ஒரு காட்சிக்கு ஊகித்த மூன்று காட்சிகளைச் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். ஊகித்த காட்சிகள் கண்ணுக்குச் சீராகத் தெரியும். ஆனால் கையசைவுக்கு விளையாட்டு பதிலளிக்கும் வேகம் அதனால் கூடாது.

ஒரு தீவில் தங்கியிருக்கும் உலகம்

என்விடியா, ஏ.எம்.டி ஆகிய இரண்டிடமும் சில்லு அச்சிடும் ஆலை இல்லை. இன்ரெலிடம் ஆலைகள் உண்டு. ஆயினும் அதன் ஆர்க் அட்டைகளின் சில்லும் வெளியில்தான் அச்சாகிறது. மூவரும் போய் நிற்கும் வாசல் ஒன்றே. 1987இல் மொறிஸ் சாங் நிறுவிய தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. கடையில் எதிரெதிராக வைத்து விற்கப்படும் அட்டைகளின் சில்லுகள் ஒரே நிறுவனத்தின் ஆலைகளிலிருந்து வருகின்றன. அந்த ஆலைகளின் அதிநவீன அச்சு இயந்திரங்களைச் செய்வது நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல் என்ற ஒரே நிறுவனம்.

தாய்வானைத் தனது பகுதி என்கிறது சீனா. சில்லுக்காகவே அந்தத் தீவின் பாதுகாப்பு உலகச் செய்தியாகியிருக்கிறது. பெரும் வல்லரசுகளின் கணக்கில் ஒரு சிறு தீவு எப்படி எண்ணப்படும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அமெரிக்கா தனது மண்ணிலேயே உற்பத்தியை வேண்டுகிறது. அரிசோனாவில் உள்ள ரி.எஸ்.எம்.சி ஆலையில் அச்சான முதலாவது பிளக்வெல் தகட்டை 2025 ஒக்டோபரில் என்விடியா காட்டியது.

2022 ஒக்டோபரில் அமெரிக்கா, உயர்தரச் சில்லுகளைச் சீனாவுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியது. ஆயுத மேம்பாட்டுக்கும் மனித உரிமை மீறல்களுக்கும் அவை பயன்படுகின்றன என்பது சொல்லப்பட்ட காரணங்கள். விளையாட்டுக்காக உருவான தொழில்நுட்பம் ஆயுதப் பட்டியலின் அருகில் வந்து நின்றது. என்விடியா வேகம் குறைத்த சில்லுகளைச் சீனாவுக்கெனச் செய்தது. 2023இல் அதற்கும் தடை வந்தது. அதன் பின் செய்த எச் 20 சில்லுக்கு 2025 ஏப்ரலில் உரிமம் கட்டாயமாக்கப்பட்டபோது, 5.5 பில்லியன் டொலர் வரை இழப்பு ஏற்படலாம் என என்விடியா அறிவித்தது. சீனாவில் ஹுவாவே நிறுவனம் தனது ‘அசென்ட்’ சில்லுகளுடன் அந்த இடத்தை நிரப்ப முயல்கிறது. கூகிள், அமேசன் போன்ற பெரும் வாடிக்கையாளர்களும் தமக்கான சில்லுகளைத் தாமே வடிவமைக்கிறார்கள். என்விடியாவுக்கு ஏ.எம்.டியை விட இவர்களே நாளை பெரிய போட்டியாகலாம்.

வாங்குபவரின் பக்கம்

2025இல் விற்பனையான தனி வரைகலை அட்டைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை என்விடியாவுடையவை. முன்னரும் இருமுறை சாதாரண வாங்குநர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். 2017இலும் 2021இலும் மின்னியல் நாணயம் தோண்டுபவர்கள் அட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கினார்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தனது முறையை மாற்றியதும் அது ஓய்ந்தது. இப்போதைய நெருக்கடி அவ்வாறு ஓயக்கூடியதல்ல. ஒரே ஆலையில் அச்சாகும் தகட்டை விளையாட்டு அட்டையாகவும் வெட்டலாம், 25,000 டொலருக்கு மேல் விலைபோகும் தரவு நிலையச் சில்லாகவும் வெட்டலாம் என்றால், எந்த முகாமையாளர் எதைத் தெரிவு செய்வார்?

நினைவகத்திலும் இதே கதைதான். 2025 பிற்பகுதியில் தரவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை வேகமாக ஏறியது. டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், சாதாரண பாவனையாளருக்கான தனது ‘குரூசல்’ விற்பனையைக் கைவிடுவதாகவே அறிவித்தது.

இந்நிலையில் அட்டை வாங்க எண்ணும் எமது இளையோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்வது நல்லது.

முதலாவது, நினைவக அளவு. ஒரே பெயரில் 8 ஜிகாபைட், 16 ஜிகாபைட் என இரு வகைகள் விற்கப்படுகின்றன. ஆர்.ரி.எக்ஸ் 5060 ரி.ஐ, ரேடியொன் 9060 எக்ஸ்.ரி இரண்டும் அப்படித்தான். புதிய விளையாட்டுக்களுக்கும் செயற்கை நுண்ணறிவு பழகுவதற்கும் 8 ஜிகாபைட் விரைவில் போதாமற் போகும். நினைவகத்தைப் பின்னர் கூட்ட முடியாது.

இரண்டாவது, தேவை. விளையாட்டு மட்டும் என்றால் அதே பணத்துக்கு ஏ.எம்.டி அல்லது இன்ரெல் அட்டை கூடுதல் பயன் தரலாம். செயற்கை நுண்ணறிவுப் படிப்பு, முப்பரிமாண வடிவமைப்பு என்றால் கூடாவுக்காக என்விடியாவே இன்னமும் சிக்கல் குறைந்த வழி. லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு ஏ.எம்.டியின் திறந்த மூல இயக்க மென்பொருள் வசதியானது.

மூன்றாவது, மின்சாரம். ஆர்.ரி.எக்ஸ் 5090 தனியாகவே 575 வோற் இழுக்கும். சாதாரண அட்டைகளுக்கும் தரமான மின்வழங்கி அவசியம். அட்டைக்கு மிஞ்சிய காசில் மலிவான மின்வழங்கி வாங்கி, இரண்டையும் சேர்த்து இழந்தவர்கள் பலர். மின்னழுத்தம் ஏறியிறங்கும் இடங்களில் யூ.பி.எஸ் கட்டாயம்.

நான்காவது, உத்தரவாதம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் அட்டை எடுப்பிப்பது எம்மிடையே வழமை. பல உத்தரவாதங்கள் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லுபடியாகும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் இலாபத்தைக் கணக்கிட வேண்டும். பழைய அட்டை வாங்குவதானால், அது நாணயம் தோண்டப் பாவிக்கப்பட்டதா என்று கேட்டு, விசிறிகளைப் பார்த்து, அரை மணி நேரமாவது வேலை கொடுத்து ஓடவிட்டுப் பார்த்த பின் காசைக் கொடுங்கள்.

போட்டி எங்கே முடியும்?

என்விடியாவின் ஆரம்ப நாட்களில் “எமது நிறுவனம் மூடப்பட இன்னும் முப்பது நாட்களே இருக்கின்றன” என்று ஹுவாங் தமது ஊழியர்களுக்குச் சொல்வது வழக்கமாம். இன்று அதன் இருப்பைப் பற்றி எவரும் அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டியது மற்றப் பக்கம். போட்டியாளர் பலமாக இருந்த 2002இல் வாங்குபவருக்கு மலிவும் தரமும் கிடைத்தன. போட்டியாளர் தளர்ந்தபோது விலை ஏறியது, நினைவகம் தேங்கி நின்றது.

2012இல் இரண்டு மாணவர்கள் கடையில் வாங்கக்கூடிய இரண்டு அட்டைகளைக் கொண்டு உலகை மாற்றினார்கள். அந்த அட்டை ஒன்றின் விலை அப்போது 500 டொலரளவில் இருந்தது. கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒரு மாணவி நாளை அப்படியொரு முயற்சியில் இறங்க நினைத்தால், அவளது கைக்கெட்டிய விலையில் போதிய நினைவகமுள்ள ஓர் அட்டை கடையில் இருக்குமா? ரூபின், பைன்மன் என்று வரப்போகும் பெயர்களை விட, ஏ.எம்.டியும் இன்ரெலும் நடுத்தர விலையில் நிலைத்து நிற்கின்றனவா என்பதே அந்தக் கேள்விக்கு விடை சொல்லும். இனி வரும் ஒவ்வொரு சில்லு அறிவிப்பையும் அந்தக் கண்ணோடு பார்ப்பது எமக்குப் பயன் தரும்.